ஸ்டிக்கருக்கு மூவாயிரத்து ஐந்நூறா?

(மூன்றாம் ஆண்டு மின்னணுவியல் மாணவன் எழுதியது)

மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும் என்று பேரவைச் செயலாளர் கேட்டபோது முதலில் நழுவத்தான் பார்த்தேன். கவிதை நமக்கு வராது. "இளைஞர் கையில் இந்தியா" என்று எழுத ஏற்கனவே நாலு பேர் பெயர் கொடுத்துவிட்டார்கள். "உனக்குத் தெரிஞ்சதை எழுதுப்பா, நம்ம பசங்களுக்கு உபயோகமா இருந்தாப் போதும்" என்றார் செயலாளர். எனக்கு உருப்படியாகத் தெரிந்தது ஒரே ஒரு விஷயம். அதையும் நானாகத் தெரிந்துகொள்ளவில்லை. என் அம்மா கேட்ட ஒரு கேள்விக்குப் பதில் சொல்ல முடியாமல் முழித்ததால் தெரிந்துகொண்டேன்.

நடந்தது இதுதான். சீனியர் அண்ணன் ஒருவரிடம் பழைய கம்ப்யூட்டர் ஒன்றை விலைக்கு வாங்கியிருந்தேன். மானிட்டர் மட்டும் அவருடையது, இரவல். படிப்பு முடிந்து அவர் ஊருக்குக் கிளம்பியதும் மானிட்டரும் கிளம்பிவிட்டது. பிராஜெக்டுக்கு சர்க்யூட் வரைய வேண்டும், பி.சி.பி. டிசைன் பண்ண வேண்டும் என்று வீட்டில் சொன்னேன். கேம் விளையாட வேண்டும் என்பதைச் சொல்லவில்லை. (அம்மாவுக்கு அது தெரியாமல் இல்லை.) அம்மா சீட்டு எடுத்த பணத்தை மஞ்சப்பையில் சுருட்டி வைத்துக்கொண்டு என்னோடு கோவில்பட்டிக்கு வந்தார்.

மெயின் ரோட்டில் ஒரு கம்ப்யூட்டர் கடை. அண்ணாச்சி இரண்டு மானிட்டர்களைப் பக்கத்தில் பக்கத்தில் ஏற்றி வைத்தார். ஒன்று சாதா, 7,500 ரூபாய். இன்னொன்று கொஞ்சம் வளைந்த திரை, காலில் சிவப்புக் கோடு, மூலையில் பளபளவென்று ஒரு ஸ்டிக்கர். "இது கேமிங் மானிட்டர் தம்பி, அடாப்டிவ் சிங்க் இருக்கு. 11,000." என் கண் அதிலேயே நின்றது.

அம்மா கிட்டே போய் ஸ்டிக்கரை விரலால் தடவிப் பார்த்தார்.

"ஏய்யா, இது ஒட்டியிருக்கிறதுக்கா மூவாயிரத்து ஐந்நூறு கூட? நாங்க நாள் பூரா லேபிள் ஒட்டுனாலும் இம்புட்டுத் தர மாட்டேங்கானே! அப்படி என்னதான் செய்யும் இது?"

அண்ணாச்சி சிரித்துக்கொண்டே, "கேம் நல்லா ஓடும்க்கா" என்றார். நான் வாயைத் திறந்தேன், ஒன்றும் வரவில்லை. மூன்றாம் வருஷம் எலக்ட்ரானிக்ஸ் படிக்கிறேன். அம்மாவோ தீப்பெட்டி ஆபீசில் பெட்டி அடைக்கிறார். அவருக்குப் பத்து நாள் கூலி அந்த வித்தியாசம். அது என்ன செய்யும் என்று அவருக்குப் புரிகிற மாதிரி என்னால் ஒரு வாக்கியம் சொல்ல முடியவில்லை. "யோசிச்சுட்டு வாரோம் அண்ணாச்சி" என்று வெளியே வந்துவிட்டோம். பஸ்ஸில் வரும்போது அம்மா ஒன்றுமே சொல்லவில்லை. அதுதான் எனக்கு உறுத்தியது.

அந்தக் கேள்விக்குப் பதில் தேடின கதைதான் இந்தக் கட்டுரை. இப்போது முதலாம் ஆண்டுத் தம்பிகள் பலர் "அண்ணே, அந்த ஸ்டிக்கர் உள்ளது வாங்கலாமாண்ணே?" என்று என்னிடம் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதை விட ஒரேயடியாக எழுதிவிடலாமே!

கிழிசல் எப்படி வருகிறது?

கேமில் நாம் பார்ப்பது ஓடும் படம் அல்ல, அடுத்தடுத்து வரும் நிலைப்படங்கள். ஒவ்வொன்றையும் ஒரு பிரேம் என்கிறோம். இவற்றை வரைந்து கொடுப்பது கிராபிக்ஸ் சிப். வாங்கிக் காட்டுவது மானிட்டர். இந்த இரண்டு பேருக்கும் நடுவில் இருக்கிற சண்டைதான் நம் விஷயம்.

மானிட்டர் கடிகாரம் மாதிரி. 60 ஹெர்ட்ஸ் மானிட்டர் என்றால் நொடிக்கு 60 தடவை திரையைப் புதுப்பிக்கும். அதாவது 16.67 மில்லி செகண்டுக்கு ஒரு தடவை, ஒரு இம்மி கூடாது, குறையாது. கிராபிக்ஸ் சிப் அப்படி அல்ல. வெறும் சுவரை வரையச் சொன்னால் 10 மில்லி செகண்டில் முடித்துவிடும். நாலு கார், புகை, மழை, கூட்டம் என்று வந்தால் 25 மில்லி செகண்ட் ஆகும். ஒருவருக்கு நேரம் தவறாது, மற்றவர் வேலைக்குத் தகுந்தபடி வருவார். எப்படிப் பொருந்தும்?

மானிட்டர் மேலிருந்து கீழாக, வரி வரியாகத் திரையை நிரப்புகிறது. பாதித் திரை நிரம்பியிருக்கும்போது சிப் புதிய பிரேமைக் கொண்டுவந்து வைத்தால், மேல் பாதியில் பழைய படமும் கீழ் பாதியில் புதுப் படமும் வரும். சினிமா போஸ்டரை நாலு தாளாக ஒட்டுவார்களே, அதில் கீழ்த்தாள் ஒரு சாண் தள்ளி ஒட்டப்பட்டால் ஹீரோவின் தலை ஒரு பக்கமும் உடம்பு ஒரு பக்கமும் நிற்குமல்லவா? அதே கதைதான். இதற்குக் கிழிசல் என்று பெயர். கேமில் வேகமாகத் திரும்பும்போது தூணும் கம்பமும் நடுவில் வெட்டுப்பட்டுத் தெரிவது இதனால்தான்.

இதற்குப் பழைய மருந்து வி-சிங்க். "மானிட்டர் தயாராகும் வரை புதுப் படத்தை வைக்காதே" என்று சிப்புக்கு உத்தரவு போடுவது. கிழிசல் போய்விடும். ஆனால் சிப் ஒரு படத்தை முடிக்க 17 மில்லி செகண்ட் ஆனால் என்ன ஆகும்? 16.67-இல் கிளம்பும் வண்டியைத் தவறவிட்டாயிற்று. அடுத்தது 33.3-இல். ஒரு மூன்றில் ஒரு பங்கு மில்லி செகண்ட் தாமதத்துக்குத் தண்டனை முழு ஒரு சுற்று. அதனால்தான் வி-சிங்க் போட்டால் சில சமயம் படம் திக்கித் திக்கி ஓடுகிறது. மவுசை நகர்த்தியதற்கும் திரையில் நகர்வதற்கும் நடுவில் ஒரு இழுவையும் தெரிகிறது.

டிவி லேபில் கிடைத்த சாவி

நம் லேபில் ஒரு பழைய பிக்சர் ட்யூப் டிவி கிடக்கிறது. அதன் பின்னால் வி-ஹோல்டு என்று ஒரு திருகு. அப்பாவிடம் கேட்டேன். "அந்தக் காலத்துல ஆன்டெனாவக் கொடைக்கானலப் பாத்துத் திருப்பி வச்சிருப்போம். காத்தடிச்சு ஆன்டெனா அசஞ்சா படம் மேல மேல உருண்டுக்கிட்டே போகும். ஒருத்தன் திருகுவான், இன்னொருத்தன் வீட்டுக்குள்ள இருந்து நின்னுட்டு நின்னுட்டுன்னு கத்துவான்" என்றார்.

அந்தத் திருகின் வேலை என்ன? நம் நாட்டு டிவியின் பால் முறையில் ஒரு படத்துக்கு 625 வரிகள். நொடிக்கு 25 முழுப் படங்கள், அவை 50 அரைப் படங்களாக வரும். ஒவ்வொரு அரைப் படம் முடிந்ததும் நிலையத்திலிருந்து ஒரு சிங்க் துடிப்பு வரும். அதைக் கேட்டுத்தான் டிவியின் எலக்ட்ரான் கற்றை அடியிலிருந்து மறுபடி உச்சிக்குத் தாவும். துடிப்பை விட்டுவிட்டால் படம் உருளும். கற்றை மேலே போவதற்கு ஒரு சின்ன ஓய்வு நேரமும் கொடுத்திருந்தார்கள். அதற்கு வெர்டிகல் பிளாங்கிங் என்று பெயர். செமஸ்டரில் இரண்டு மார்க் கேள்வியாக எழுதியிருப்போம்.

இப்போதைய எல்.சி.டி. மானிட்டரில் எலக்ட்ரான் கற்றையும் கிடையாது, தாவுவதும் கிடையாது. ஆனாலும் அந்தப் பழைய தாளமும் அந்த ஓய்வு நேரமும் வழிவழியாக வந்துவிட்டன. ஆக, டிவி காலத்தில் காட்டுகிறவன் அனுப்புகிறவனின் தாளத்துக்கு ஆடினான். அனுப்புகிற நிலையமோ தாளம் தவறாதது. கம்ப்யூட்டரில் அனுப்புகிறவனுக்கே தாளம் நிலையில்லை. அப்படியானால் அந்த ஓய்வு நேரத்தை இழுத்துப் பிடித்தால் என்ன? அடுத்த படம் தயாராகும் வரை மானிட்டர் சும்மா நிற்கட்டும். தயாரானதும் வரையட்டும். இதுதான் அடாப்டிவ் சிங்க். அவ்வளவுதான், வேறு மாயம் ஒன்றும் இல்லை.

மின்னியல் துறை நண்பர்களுக்கு நம்ம பக்கத்து உதாரணம் ஒன்று. திருநெல்வேலி பஸ்ஸில் போனால் கயத்தாறு பக்கம் காற்றாலைகள் நிற்கின்றனவே, அவற்றில் பழைய வகையில் ஜெனரேட்டர் நேராக 50 ஹெர்ட்ஸ் கிரிட்டோடு கட்டப்பட்டிருக்கும். காற்று எப்படி அடித்தாலும் நாலு துருவ ஜெனரேட்டர் 1,500 சுற்றை ஒட்டியேதான் ஓட வேண்டும். புது வகையில் இறக்கை காற்றின் வேகத்தோடு கூடிக் குறைந்து சுற்றும், நடுவில் ஒரு கன்வெர்ட்டர் அதை 50 ஹெர்ட்ஸாக்கிக் கொடுக்கும். அங்கே விட்டுக்கொடுப்பது காற்றாலை. இங்கே விட்டுக்கொடுப்பது திரை. இரண்டிலும் பாடம் ஒன்றுதான்: இருவரில் ஒருவராவது வளைந்து கொடுத்தால் வண்டி ஓடும்.

சுருக்கமாக வரலாறு

2013 அக்டோபரில் என்விடியா நிறுவனம் ஜி-சிங்க் என்று இதை முதலில் அறிவித்தது. அதற்கு மானிட்டருக்குள் தனியாக ஒரு சர்க்யூட் பலகை வைக்க வேண்டும். அதனால் விலை ஏறியது. 2014 ஜனவரியில் ஏ.எம்.டி. நிறுவனம், தனிப் பலகை இல்லாமலேயே லேப்டாப் திரையில் இது நடக்கும் என்று செய்து காட்டியது. அதே 2014 மே மாதத்தில் வீசா என்ற தர நிர்ணயச் சங்கம் (வெளிநாடு போகிற விசா இல்லை, வீடியோ தரங்களை வகுக்கும் அமைப்பு) இதை அடாப்டிவ் சிங்க் என்ற பெயரில் டிஸ்ப்ளேபோர்ட் 1.2ஏ தரத்தில் சேர்த்தது. எந்தக் கம்பெனியும் உரிமைத்தொகை இல்லாமல் பயன்படுத்தலாம். 2015 மார்ச்சில் ஏ.எம்.டி.யின் பிரீசிங்க் மானிட்டர்கள் கடைக்கு வந்தன. 2017-இல் எச்.டி.எம்.ஐ. 2.1 தரத்திலும் இந்த வசதி சேர்ந்தது. 2019 ஜனவரியில் என்விடியாவும் இறங்கி வந்து, தன் 10 வரிசைக் கார்டுகளிலிருந்து சாதாரண அடாப்டிவ் சிங்க் மானிட்டர்களையும் ஏற்றுக்கொண்டது.

இந்த வரலாறு எதற்கு என்றால், ஒரு காலத்தில் தனிப் பலகைக்காகக் கூட விலை கொடுத்தது நியாயம். பொதுத் தரமாக ஆனபின், சாதாரண விலை மானிட்டர்களிலும் இது வந்துவிட்டது. ஆகவே "சிங்க் இருக்கு" என்பதற்காக மட்டும் ஒருவர் நிறையப் பணம் கேட்டால் நாம் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார வேண்டும்.

வேன் கதை

இதையெல்லாம் படித்தபின்னும் அம்மாவுக்கு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. ஒரு நாள் காலை ஆபீஸ் வேன் வந்து ஹாரன் அடித்தது. பதில் கிடைத்துவிட்டது!

எங்கள் ஊருக்குத் தீப்பெட்டி ஆபீஸ் வேன் கால் மணிக்கு ஒரு தடவை வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பெண்கள் சோறு வடித்து, பிள்ளையை அனுப்பி, அவரவர் தயாராகிற நேரத்துக்கு வருகிறார்கள். முதல் டிரைவர் யாரையும் பார்க்க மாட்டார். நேரமானால் எடுத்துவிடுவார். ஒரு கால் படியில், ஒரு கால் தரையில். "சேலை கதவுல மாட்டிக் கிழியும்" என்றார் அம்மா. அதேதான், கிழிசல்! இரண்டாவது டிரைவர் நல்லவர், பாதி ஏறியவரோடு கிளம்ப மாட்டார். ஆனால் ஒரு நிமிஷம் பிந்தி வந்தவர் அடுத்த வேனுக்குப் பதினாலு நிமிஷம் உட்கார வேண்டும். அது வி-சிங்க். மூன்றாவது டிரைவர் வாசலிலேயே நிற்பார். நீங்கள் வந்து ஏறியதும் கதவைச் சாத்திக் கிளம்புவார். அதுதான் அந்த ஸ்டிக்கர்.

"அப்ப நல்லதுதானய்யா, மூணாவது ஆளுதான வேணும்?" என்றார் அம்மா. நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் இங்கேதான் சூட்சுமம்.

மூன்றாவது டிரைவருக்கும் இரண்டு எல்லைகள் உண்டு. ஒரு சுற்று போய்வர அவருக்குக் குறைந்தபட்ச நேரம் வேண்டும். அதை விடச் சீக்கிரம் வர முடியாது. 75 ஹெர்ட்ஸ் மானிட்டருக்கு அது 13.3 மில்லி செகண்ட், 100 ஹெர்ட்ஸுக்கு 10, 144 ஹெர்ட்ஸுக்கு ஏறக்குறைய 7. அதேபோல ஓரளவுக்கு மேல் நிற்கவும் மாட்டார். எல்.சி.டி. புள்ளிகள் வாங்கிய மின்னேற்றத்தை வெகுநேரம் பிடித்து வைக்காது, திரும்பத் திரும்ப ஊட்ட வேண்டும். பல மானிட்டர்களில் இந்தக் கீழ் எல்லை 48 ஹெர்ட்ஸ், அதாவது 20.8 மில்லி செகண்ட் பொறுமை. இந்த இரண்டு எல்லைக்கும் நடுவில் உள்ளதுதான் வீச்சு. 48–75, 48–100, 48–144 என்று குறிப்பேட்டில் போட்டிருப்பது இதைத்தான்.

பிரேம் 48-க்குக் கீழே போனால்? அதற்கும் ஒரு தந்திரம் கண்டுபிடித்திருக்கிறார்கள். ஆள் வரவில்லையென்றால் டிரைவர் ஏற்கனவே ஏறினவர்களையே வைத்து இன்னொரு சுற்று சுற்றிவருவார். அதாவது நொடிக்கு 40 பிரேம் வந்தால் ஒவ்வொன்றையும் இரண்டு தடவை காட்டி 80 ஹெர்ட்ஸில் ஓட்டுவது. ஆனால் 80 ஹெர்ட்ஸ் மானிட்டருக்கு எட்ட வேண்டுமே! 48–100 மானிட்டருக்கு எட்டும். 48–75 மானிட்டருக்கு எட்டாது. 38 முதல் 47 வரை எந்த எண்ணை இரட்டித்தாலும் 75-ஐத் தாண்டிவிடும், இரட்டிக்காவிட்டால் 48-க்குக் கீழே நிற்கும். நடுவில் ஒரு பள்ளம். ஆகையால் இப்படிப்பட்ட குறுகிய வீச்சு மானிட்டர்களில் இந்தத் தந்திரத்தையே கொடுப்பதில்லை. மேல் எல்லை கீழ் எல்லையைப் போல் குறைந்தது இரண்டு மடங்கு இருக்க வேண்டும். இரண்டரை மடங்கு இருந்தால் நிம்மதி. இந்த ஒரு கணக்கு போதும், பாதி ஏமாற்றத்தைத் தவிர்க்கலாம்.

விடுதி அறையில் ஒரு சோதனை

படித்ததை நம்பி அம்மா பணத்தைப் போட எனக்கு மனசில்லை. விடுதியில் சாத்தூர் நண்பன் ஒருவனிடம் தனி கிராபிக்ஸ் கார்டும் 48–144 வீச்சுள்ள மானிட்டரும் இருந்தன. ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்தோம். அவன் எனக்குத் தெரியாமல் சிங்கைப் போடுவான் அல்லது நிறுத்துவான். நான் திரையைப் பார்த்துச் சொல்ல வேண்டும்.

நொடிக்கு 55 பிரேமாகக் கட்டி வைத்தபோது தவறாமல் சொல்லிவிட்டேன். சிங்க் இல்லாதபோது சுவர் ஓரங்கள் வெட்டுப்பட்டன, இருந்தபோது வழுக்கிக்கொண்டு போனது. வித்தியாசம் நிஜம், விளம்பரம் மட்டும் அல்ல.

மானிட்டரை 60 ஹெர்ட்ஸில் வைத்து, 60 பிரேமுக்குக் குறையாமல் ஓடக்கூடிய லேசான கேமில் வெறும் வி-சிங்க் போட்டபோது என்னால் வித்தியாசம் சொல்ல முடியவில்லை. நம்ம பசங்க இன்னும் விடாமல் ஆடுகிற கிரிக்கெட் 07 போன்ற பழைய கேம்களுக்கு இது பொருந்தும். அவற்றுக்கு அடாப்டிவ் சிங்க் வாங்குவது, தெருமுனைக் கடைக்குப் போக வேன் பிடிப்பது மாதிரி.

130, 140 பிரேம் ஓடும்போதும் தடுமாறினேன். கிழிசல் இருக்கிறதுதான். ஆனால் ஒவ்வொரு படமும் 7 மில்லி செகண்டில் மாறிவிடுவதால் கண்ணில் தங்குவதில்லை. போட்டி கேம் ஆடுகிற சிலர் சிங்கை நிறுத்தி வைப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

40 பிரேமில் கிழிசல் இல்லை. ஆனால் ஒரு கனம் இருந்துகொண்டே இருந்தது. இதைத் தம்பிகள் நன்றாகக் கவனிக்க வேண்டும்: அடாப்டிவ் சிங்க் பிரேமைக் கூட்டாது. இருக்கிற பிரேமை ஒழுங்காகக் காட்டும், அவ்வளவே. கிணற்றில் ஊறாத தண்ணீரை எந்த மோட்டாரும் எடுக்காது என்பது நம்ம கரிசல் சம்சாரிக்குத் தெரியாததா?

இன்னொன்றும் பார்த்தோம். அவனுடையது வி.ஏ. வகைத் திரை. இருட்டுக் காட்சிகளிலும், கேம் லோடாகி பிரேம் தாறுமாறாக ஏறி இறங்கும்போதும், திரை லேசாக மினுக்கியது. சிங்கை நிறுத்தினால் மினுக்கல் இல்லை. புதுப்பிக்கும் வேகம் மாறும்போது திரையின் வெளிச்சமும் கடுகளவு மாறுவதால் வருவது இது. வி.ஏ. திரைகளில் கொஞ்சம் கூடுதலாகத் தெரியும். ஆக, இதிலும் ஒரு குறை உண்டு.

என் மெஷின் என்ன சொன்னது?

அடுத்து என் பழைய கம்ப்யூட்டர். அதில் தனிக் கார்டு இல்லை, ஏ.எம்.டி. பிராசசரோடு சேர்ந்த கிராபிக்ஸ்தான். நண்பனின் மானிட்டரில் மாட்டி, நான் ஆடும் கேமை மூன்று சாயங்காலம் ஓட்டி, பிரேம் எண்ணிக்கையை லேப் ரெக்கார்டின் கடைசிப் பக்கத்தில் குறித்தேன். 32-க்கும் 44-க்கும் நடுவிலேயே ஊசலாடியது.

மறுபடி கடைக்குப் போனேன். இந்தத் தடவை கேள்வியோடு போனேன். "அண்ணாச்சி, அந்த வளைஞ்ச மானிட்டரோட வீச்சு எவ்வளவு?" அவருக்குத் தெரியவில்லை. ஆனால் நல்ல மனுஷர், பெட்டியைப் பிரித்துக் குறிப்பேட்டை எடுத்துக் கொடுத்தார். 48–75.

32 முதல் 44 வரை ஓடும் என் மெஷினுக்கு, 48-இல் தொடங்கும் அந்த மானிட்டர் பெரும்பாலும் சிங்க் இல்லாத மானிட்டர்தான். அன்றைக்கே வாங்கியிருந்தால் 3,500 ரூபாய்க்கு ஒரு ஸ்டிக்கரும் ஒரு சிவப்புக் கோடும் வீட்டுக்கு வந்திருக்கும். அம்மாவின் பத்து நாள் கூலி. மனசு ஒரு நிமிஷம் திக்கென்றது.

"வேற ஏதாவது 100 ஹெர்ட்ஸ்ல இருக்கா அண்ணாச்சி?" உள்ளே இருந்து ஒன்றைக் கொண்டுவந்தார். தட்டையான திரை, ஆபீசில் வைக்கிற மாதிரி அடக்கமாக இருந்தது. ஸ்டிக்கர் கிடையாது. குறிப்பேட்டைப் புரட்டினால் உள்ளே சின்ன எழுத்தில் அடாப்டிவ் சிங்க், எச்.டி.எம்.ஐ. வழியாகவும் உண்டு, வீச்சு 48–100 என்று போட்டிருந்தது. விலை 8,700. சாதாவை விட 1,200 தான் கூட. "இதுல அது இருக்கா? எனக்கே தெரியாது தம்பி" என்று அண்ணாச்சி சிரித்தார்.

அதை வாங்கினோம். 35 பிரேம் வந்தால் 70-ஆகக் காட்டுகிறது, 44 வந்தால் 88-ஆக. கிழிசல் போனது. பிறகு சீனியர் ஒருவர் தந்த இரண்டாவது ரேம் ஸ்டிக்கைச் சேர்த்ததும் பிரேமும் நன்றாகவே ஏறியது. பிராசசரோடு சேர்ந்த கிராபிக்ஸுக்குத் தனி நினைவகம் இல்லை, ரேமைத்தான் பங்கு போட்டுக்கொள்கிறது. ஒற்றை ஸ்டிக் போட்டிருப்பவர்களுக்கு இரண்டாவது ஸ்டிக் தரும் பலன் எந்த சிங்க்கும் தராது.

கடைக்குப் போகுமுன்

தம்பிகள் கட்டுரையை மறந்தாலும் இந்த ஐந்து கேள்விகளை மறக்க வேண்டாம்.

1. என் மெஷினில் நான் ஆடும் கேம் எத்தனை பிரேம் ஓடுகிறது? முதலில் அளந்து பார்க்கவும். எப்போதும் 60-க்குக் குறையாது என்றால் 60 ஹெர்ட்ஸ் சாதா மானிட்டரும் வி-சிங்க்குமே போதும். 40 முதல் 90 வரை ஏறி இறங்குகிறது என்றால் அடாப்டிவ் சிங்க்கின் பலன் முழுசாகக் கிடைக்கும்.

2. மானிட்டரின் வீச்சு என்ன? மேல் எண் கீழ் எண்ணைப் போல் இரண்டு மடங்காவது உண்டா? ஸ்டிக்கரைப் பார்க்காதே, குறிப்பேட்டைப் பார்.

3. எந்த ஓயர் வழியாக வேலை செய்யும்? ஏ.எம்.டி. கிராபிக்ஸ் என்றால் எச்.டி.எம்.ஐ. வழியாகவும் பிரீசிங்க் உண்டு, மானிட்டரும் ஏற்றுக்கொண்டால். என்விடியா கார்டு என்றால் பெரும்பாலும் டிஸ்ப்ளேபோர்ட் ஓயர் வேண்டும். எச்.டி.எம்.ஐ.யும் வி.ஜி.ஏ.வும் மட்டும் உள்ள மானிட்டரை அந்தக் கார்டுக்கு வாங்கிவிட்டு அப்புறம் வருத்தப்படக் கூடாது. வி.ஜி.ஏ. ஓயரில் இது எந்தக் காலத்திலும் கிடையாது. பழைய இன்டெல் உள்கிராபிக்ஸிலும் கிடையாது.

4. வாங்கியபின் அமைத்தாயா? பலர் வாங்கி மாட்டியதோடு சரி. மானிட்டர் மெனுவிலும் கிராபிக்ஸ் மென்பொருளிலும் இரண்டு இடத்தில் இதைப் போட வேண்டும். கேமில் பிரேம் உச்சத்தை மேல் எல்லைக்கு இரண்டு மூன்று குறைவாக, 100-க்கு 97 என்பது போல், கட்டி வைப்பது நல்லது. மேல் எல்லையைத் தாண்டினால் மறுபடி கிழிசல் அல்லது வி-சிங்க்கின் இழுவை வந்துவிடும்.

5. இந்தப் பணத்துக்கு வேறு அவசரம் இல்லையா? வோல்டேஜ் ஏறி இறங்குகிற ஊரில் யு.பி.எஸ். இல்லாமல் கம்ப்யூட்டர் வைத்திருப்பவன் முதலில் அதைப் பார்க்க வேண்டும். சர்க்யூட் வரைய, புரோகிராம் எழுத, படிக்க மட்டுமே மானிட்டர் வேண்டும் என்றால் அடாப்டிவ் சிங்க்கால் ஒரு பலனும் இல்லை. "கண்ணுக்கு நல்லதும்மா" என்று வீட்டில் புளுகாதீர்கள்.

இதற்கு எதிர்வாதமும் உண்டு. எங்கள் துறை ஆசிரியர் ஒருவர் சொன்னார்: "கார்டை இரண்டு மூணு வருஷத்தில் மாற்றுவே, மானிட்டர் அதுக்கு மேலயும் உழைக்கும். இன்னைக்கு உபயோகம் இல்லைன்னாலும் நாளைக்கு வரும்." உண்மைதான். ஆகையால்தான் வித்தியாசம் சின்னதாகவும் வீச்சு பெரிதாகவும் இருந்தால் தயங்காமல் வாங்கலாம் என்கிறேன். வீச்சு குறுகியது, வித்தியாசம் பெரியது என்றால் நாளைக்கும் அது உதவாது.

மீதி 2,300 ரூபாயை அம்மாவிடமே கொடுத்தேன். அதில் தங்கச்சிக்குப் பிளஸ் டூ கைடு வந்தது. மானிட்டரை மாட்டிய அன்று சாயங்காலம் வேலை விட்டு வந்த அம்மா, திரையைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"ஸ்டிக்கர எங்கய்யா காணோம்?"

"இதுல இல்லம்மா. ஆனா மூணாவது டிரைவர் உள்ளதான் இருக்காரு."

"அப்பச் சரி" என்றார். "லேபிள் ஒட்டுறவளுக்குத் தெரியாதா? பெட்டிக்குள்ள குச்சி பத்துதான்னுல்லா பாக்கணும்."

இவ்வளவு பக்கம் எழுதி நான் சொல்ல வந்ததை அம்மா ஒரே வரியில் சொல்லிவிட்டார். பேரவைச் செயலாளர் அம்மாவிடமே கட்டுரை கேட்டிருக்கலாம்!